கேரியருக்கு அஞ்சு முடிச்சு

அக்கா, கொஞ்சம் கம்பிப் பக்கம் ஒதுங்கி உட்காருங்களேன். எனக்கு இடம் இருக்கு, இந்தக் கேரியருக்குத்தான் இடம் இல்லை. மடியில் வச்சா சுடுது. கீழே வச்சா, இந்த டிரைவர் பிரேக் பிடிக்கிற அழகுக்கு, சோறு இங்கேயும் ரசம் டவுனிலும் போய் இறங்கும். ஆங், இப்படி நமக்கு நடுவில் இருக்கட்டும். சேலையில் பட்டுச்சுன்னா சொல்லுங்க.

நெத்தியில் திருநீறு, கையில் இலைப் பொட்டலம். சாஸ்தா கோயிலுக்கு வந்துட்டுப் போறீங்களா? அதானே பார்த்தேன், எங்க ஒத்தப்பனையில் எனக்குத் தெரியாத முகம் ஏதுன்னு. பம்பாயா! இருபத்திரண்டு வருஷமாவா! அங்கே மத்தியானச் சோத்தை வீட்டில் இருந்து ஆபீசுக்குக் கொண்டு போறதுக்கே தனியா ஆள் இருக்காங்களாமே? கொடுத்து வச்சவங்க. எங்க ஊரில் அந்த ஏற்பாட்டை நான் ஒருத்திதான் பண்ணினேன். இப்போ விட்டுட்டேன். இனிமேல் யார் கையிலும் கொடுத்துவிடுறதா இல்லை. என் கையால் அவர் கையில். நடுவில் ஒரு கை கிடையாது.

மணி என்ன அக்கா? பதினொண்ணு இருபதா? சரி. ஒரு மணிக்குள் சேரணும். சேரலைன்னா என் வீட்டுக்காரருக்கு மத்தியானச் சோறு ஆக்குற வேலை இன்னையோடு என் கையை விட்டுப் போயிடும்.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். எங்க மதினிகிட்ட பந்தயம்.

என் வீட்டுக்காரருக்கு டவுனில் இன்டர்நெட் கேபிள் ஆபீசில் வேலை. பொன்ராஜ்னு பேர். காலையில் ஆறு மணிக்குக் கிளம்பினா திரும்பி வர எட்டரை ஒன்பது ஆகும். மூணு மாசத்துக்கு முன்னாடி வயித்தில் புண். டாக்டர் ஒரே வார்த்தை சொன்னார்: ஒரு மணிக்கு டாண்ணு சாப்பிடணும், வீட்டுச் சாப்பாடு, கடை ஆகாது. சரி, கொடுத்துவிடுறேன்னேன். அவரோட அக்கா இருக்காங்களே, எங்க மதினி, அவங்க வீடு ஆபீசில் இருந்து ரெண்டே தெரு. அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "எதுக்கு அம்புட்டு தூரத்துல இருந்து தூக்கிச் சொமக்கணும்? எந்தம்பி எங்க வீட்டுலயே சாப்பிடட்டும். ஒன் கொழம்பைத் தின்னுதான் புண்ணே வந்துச்சோ என்னமோ" அப்படின்னாங்க. சாமி கும்பிட வந்த இடத்தில், இருபது பேருக்கு முன்னாடி.

நான் வாயாடி இல்லை அக்கா. எப்பவும் அளந்துதான் பேசுவேன். அன்னைக்கு மட்டும் சொல்லிட்டேன்: "மதினி, இந்த மாசம் முழுக்கப் பாருங்க. மூணு நாள் என் சோறு ஒரு மணிக்குப் போய்ச் சேரலைன்னா, அப்புறம் உங்க வீட்டுச் சோறே அவருக்கு." மதினி உடனே சரின்னுட்டாங்க. இன்னைக்குத் தேதி முப்பத்தொண்ணு. ரெண்டு நாள் தவறிப்போச்சு. அதான் சொன்னேன், இன்னைக்குத்தான் எல்லாம்.

என்ன கேட்டீங்க? காலையிலேயே ஆக்கி அவர் கையிலேயே கொடுத்துவிட்டா என்னவா?

ஐயோ, எல்லாரும் இதையேதான் கேட்கிறாங்க. அஞ்சு மணிக்கு ஆக்கின சோறு ஒரு மணிக்கு ஆறிப் போகாதா? சுடச்சுடச் சாப்பிட வேண்டாமா மனுஷன்? என் கேரியர் அஞ்சு கை தாண்டிப் போய்ச் சேரும்போது... சரி, அதுவும் லேசா ஆறித்தான் இருக்கும். ஆனா அது வேற ஆறல்.

சோறு மட்டும்னா நான் இத்தனை பாடு பட மாட்டேன். அவர் போகும்போதும் பிள்ளை தூங்கும், வரும்போதும் தூங்கும். தர்ஷிகா, எங்க மக, வர்ற ஐப்பசிக்கு மூணு முடியும். அவர் சாப்பிட்டு முடிச்சு, கழுவி, மேல் அடுக்கில் ஒரு கடலை மிட்டாய் வச்சுக் கொண்டு வருவார். காலையில் எழுந்ததும் பிள்ளை முதல் வேலையா கேரியரைத் திறக்கும். "அப்பா வந்தாங்க" அப்படின்னு மிட்டாயைத் தூக்கிக் காட்டும். சோறு தவறின ரெண்டு நாளும் கேரியர் டவுனுக்கே போகலை, மேல் அடுக்கு காலி. "அப்பா வரலை"ன்னு ஒரே அழுகை. ராத்திரி பக்கத்தில்தான் அவர் குறட்டை விட்டுத் தூங்கினார், சொன்னாலும் நம்ப மாட்டேங்குது.

சரி, அஞ்சு கைன்னு சொன்னேனே. எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி எஸ்தரக்கா. மொபெட்டில் பால் கேன் கட்டி மெயின் ரோட்டு விலக்குக்குக் கொண்டு போவாங்க. அது ஒரு கை. விலக்கில் உச்சிமாகாளி அண்ணன் டீக்கடை, ரெண்டு. அங்கே வர்ற டவுன் பஸ் கண்டக்டர், மூணு. பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா, நாலு. அவர் ஆபீஸ் வாட்ச்மேன், அஞ்சு. இந்த மினிபஸ்ஸில் நானே தினமும் போகலாம்தான், ஆனா திரும்பி வர மூணு மணி பஸ். அதுவரைக்கும் பிள்ளையைப் பால்வாடியில் யார் வச்சுக்கிறது? இன்னைக்கு ஒரு நாள் டீச்சர் காலில் விழாத குறையா விட்டுட்டு வந்திருக்கேன்.

இந்த ஏற்பாட்டை நான் சும்மா பண்ணலை அக்கா. படிச்சுப் பண்ணினேன்.

அவருக்கு ஆபீசில் ஒரு பரீட்சை. பாஸானா ஏசி ரூமுக்குள் மெஷின் பார்க்கிற வேலை, கம்பத்தில் ஏற வேண்டாம். நோட்டை என் கையில் கொடுத்து, "கேள்வி கேளு கனி" அப்படிம்பார். நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்பேன், அவர் முழிப்பார், நான் பதிலைப் படிச்சுச் சொல்வேன். ரெண்டு தடவை எழுதிட்டார். ரெண்டு தடவையும் பெயில். ஆனா நான் இருக்கேனே, பத்தாவதோடு நின்னவ, அந்த நோட்டைத் தலைகீழா ஒப்பிப்பேன்.

நீங்க போனில் ஒரு பாட்டு பார்க்கிறீங்கன்னு வைங்க. அது முழுசா வராதாம். பொட்டலம் பொட்டலமா வருமாம். ஒவ்வொரு பொட்டலத்து மேலேயும் விலாசம். நடுவில் ரவுட்டர்னு ஒரு பெட்டி. ஒண்ணு ரெண்டு இல்லை, வழி நெடுக. அந்தப் பெட்டிக்கு முழு வழியும் தெரியாது அக்கா, அதுதான் அதில் விசேஷம். கடைசி வீடு எங்கே இருக்கு, என்ன நிறம், ஒண்ணும் தெரியாது. இந்த விலாசமா, அடுத்து இந்தக் கையில் கொடு. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். அதுக்கு ஒரு பட்டியல் வச்சிருக்கும்.

பட்டியல் எப்படி வரும்? அதைக் கேளுங்க. பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் தங்களுக்குள்ளே பேசிக்கும். "என் வழியாப் போனா அந்த ஊருக்கு நாலு கை" அப்படின்னு ஒண்ணு சொல்லும். "என் வழியா ஆறு"ன்னு இன்னொண்ணு. கேட்கிற பெட்டி எது குறைச்சலோ அதைப் பிடிச்சுக்கும். அதோடு தன் கணக்கில் ஒண்ணு கூட்டி, தன் பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும். யாரும் போய்ப் பார்க்கிறதில்லை. காதில் விழுந்ததுதான் எல்லாம்.

இதைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துட்டுது. இது எங்க குழாயடிதானே! இதுக்கு எதுக்குப் பரீட்சை?

மறுநாளே குழாயடியில் எல்லாரையும் நிறுத்திச் சொல்லிட்டேன். டவுனுக்கு ஏதாவது கொடுத்துவிடுற பொம்பளைங்க ஏழு எட்டுப் பேர் இருக்கோம். தினமும் தண்ணி பிடிக்கும்போது ஆளாளுக்குத் தன் கணக்கைச் சொல்லணும். என் வழியா இத்தனை கை. குறைஞ்ச கணக்கு யார்கிட்ட இருக்கோ அவங்க கையில் கொடுக்கணும். வளவளன்னு பேசக் கூடாது. எதுக்கு, ஏன், எப்படின்னு கேட்கக் கூடாது. ரவுட்டர் கேட்குமா? கேட்காது. எண்ணைப் பார், கையை நீட்டு. கண்டிப்பாச் சொல்லிட்டேன்.

பத்து நாள் ஜோரா ஓடுச்சு. ஒரு மணிக்கு முன்னாடியே கேரியர் போய்ச் சேரும். ஒரு நாள் பன்னிரண்டே முக்கால். வாட்ச்மேனே போன் பண்ணிச் சொன்னார், "தாயி, ஒன் கேரியரைப் பாத்துத்தான் நான் கடிகாரத்தைச் சரி பண்ணுதேன்"னு.

பதினோராவது நாள்தான் முதல் தவறு.

அன்னைக்கு எஸ்தரக்காவோட மொபெட் ரிப்பேர். விலக்குக்குப் போக வழியில்லை. ஆனா குழாயடியில் தெக்குத் தெரு கோமு நிக்கிறா. "எங்க வழியா அஞ்சு கை" அப்படின்னு வழக்கம்போல் சொல்றா. எஸ்தரக்கா நினைச்சாங்க, பரவாயில்லை, கோமு வழியா அஞ்சு இருக்கே, அப்போ நம்ம வழியா ஆறு. என் கேரியரை வாங்கிக் கோமு கையில் கொடுத்துட்டாங்க. கோமுவோட அந்த அஞ்சு கை யார் மூலமா? எஸ்தரக்கா மூலமாத்தான்! எஸ்தரக்காவுக்கு அடுத்த நாலு கையோடு ஒண்ணு கூட்டித்தான் அவ அஞ்சுன்னா. அவளுக்கு வேற வழியே கிடையாது. அது எஸ்தரக்காவுக்கு எப்படித் தெரியும்? கேட்கக் கூடாதே.

கோமு கேரியரை வாங்கினா. பட்டியலைப் பார்த்தா: எஸ்தரக்கா கையில் கொடு. ஆனா எஸ்தரக்கா இப்போ ஆறுன்னுட்டாங்க, அப்போ நமக்கு ஏழு. கொண்டு வந்து எஸ்தரக்காகிட்ட கொடுத்தா, "ஏழு"ன்னு சொல்லிட்டும் போனா. எஸ்தரக்கா, அப்போ எனக்கு எட்டு, இந்தா. கோமு, ஒன்பது, இந்தா.

எங்க வீடு ரெண்டு பேர் வீட்டுக்கும் நடுவில். நான் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டே பார்க்கிறேன், என் கேரியர் தெக்கே போகுது. கொஞ்ச நேரத்தில் வடக்கே போகுது. மறுபடி தெக்கே. எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு அக்கா. நம்ம ஊர்ப் பொம்பளைங்க என்ன சுறுசுறுப்பு, ஒரு நிமிஷம் கீழே வைக்கலையே! கோமு மூச்சு வாங்கிட்டு ஓடும்போது நான் கையைக் கூடத் தட்டினேன்.

ரெண்டரை மணிக்குக் கணக்கு முப்பத்தொண்ணுக்கு வந்துட்டுது. கோமு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துட்டா. கேரியரைத் திறந்தா சோறு ஊசிப் போய்க் கிடக்கு.

"ஏங்க்கா, வண்டி ரிப்பேர்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"ன்னு எஸ்தரக்காவைக் கேட்டேன்.

"சொல்ல வந்தேன்ல? கதை சொல்லாதீங்க, எண்ணை மட்டும் சொல்லுங்கன்னு நீதானே வெரட்டின?" அப்படிங்கிறாங்க. பாருங்க அக்கா, தன் மேல் தப்பை வச்சுக்கிட்டு எப்படிப் பேசறாங்கன்னு.

அவர் வந்ததும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சார். "இது நோட்டுலயே இருக்கு கனி. நீ அந்தப் பக்கத்துல கறிவேப்பிலையைக் காய வச்சிருந்த" அப்படின்னார். ரவுட்டர் பெட்டிங்களும் இப்படித்தானாம். நடுவில் ஒரு வழி அறுந்துபோச்சுன்னா, ரெண்டு பெட்டி ஒண்ணையொண்ணு நம்பி, உன்கிட்ட வழி இருக்கு, உன்கிட்ட வழி இருக்குன்னு எண்ணிக்கிட்டே போகுமாம். அதுக்கு ரெண்டு சட்டம் வச்சிருக்காங்க. ஒண்ணு, ஒரு வழியை யார்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டியோ, அவங்ககிட்டயே போய் எனக்கு வழி தெரியும்னு பீத்திக்கக் கூடாது. ரெண்டு, பதினஞ்சுக்கு மேல் எண்ணிக்கை போச்சுன்னா வழியே இல்லைன்னு அர்த்தம். அதோடு நிறுத்திக்கணும். இந்த ரெண்டையும் மறுநாளே குழாயடியில் சொல்லிட்டேன். கோமு மட்டும் "நேத்தே சொல்லியிருக்கலாம்"னு முணுமுணுத்தா.

அன்னைக்குப் பாருங்க, மத்தியானம் பட்டினி கிடந்த மனுஷன். ரெண்டு இட்லிக்கு மேல் வேண்டாம்னுட்டார். என் வருத்தத்தைப் பார்த்து அவருக்குச் சோறு இறங்கலை. அவ்வளவு பிரியம். சட்டையில் மட்டும் மீன் வறுவல் வாசம். கம்பத்தில் ஏறி நிக்கும்போது கீழே எந்த வீட்டிலேயோ வறுத்திருப்பாங்க.

என்னக்கா, தண்ணி வேணுமா? புரை ஏறுதே. சிரிச்சுக்கிட்டே கடலை திங்காதீங்க.

அதுக்கு அப்புறம் நான் கேரியரில் முடிச்சு போட ஆரம்பிச்சேன். இந்தா, கைப்பிடியில் கயிறு தொங்குது பாருங்க. நோட்டில் இருக்கு: ஒவ்வொரு பொட்டலத்து மேலேயும் ஒரு எண் எழுதி அனுப்புவாங்களாம். ஒவ்வொரு பெட்டியும் அதில் ஒண்ணைக் குறைச்சு அடுத்த பெட்டிக்குக் கொடுக்கும். எண் சைபர் ஆயிட்டுதுன்னா, அப்போ யார் கையில் இருக்கோ அவங்க அதைத் தூக்கிப் போட்டுடணும். வழி தெரியாம அது சுத்திக்கிட்டே கிடக்கக் கூடாதுன்னு. நல்ல சட்டம்தானே? நான் எண்ணுக்குப் பதிலா முடிச்சு போட்டேன். அஞ்சு கைக்கு அஞ்சு முடிச்சு. கை மாறும்போது ஆளுக்கு ஒரு முடிச்சு அவுக்கணும்.

ஆனா சோத்தைத் தூக்கிப் போடுன்னு எப்படி அக்கா சொல்றது? பாவமில்லையா? அதனால் அந்த இடத்தில் மட்டும் சட்டத்தைக் கொஞ்சம் மாத்தினேன். வழி தவறி, கடைசி முடிச்சு யார் கையில் அவுருதோ, அவங்க சாப்பிட்டுக்கலாம்.

இதில் என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க. சொல்லாம இப்படிப் பார்த்தா?

போன புதன்கிழமை நெத்திலிக் கருவாடு போட்டுக் குழம்பு. வயித்துப்புண்ணுக்காக மிளகாய் ரெண்டே ரெண்டு. எஸ்தரக்கா ஒரு முடிச்சு அவுத்து, ஒழுங்கா டீக்கடையில் கொடுத்துட்டாங்க. மீதி நாலு முடிச்சு. உச்சிமாகாளி அண்ணன் வாங்கி ஒண்ணு அவுத்தார். கேரியர் மூடி வழியா வாசம் வந்திருக்கு. பஸ் வர இன்னும் கால் மணி நேரம். என்ன பண்ணினார் தெரியுமா? வடை போட்டுக்கிட்டிருந்த தன் வீட்டம்மா கையில் கேரியரைக் கொடுத்தார். அந்தம்மா ஒண்ணு அவுத்தாங்க. திரும்ப இவர் கையில். இவர் ஒண்ணு. திரும்ப அந்தம்மா கையில். கடைசி முடிச்சும் அவுந்துட்டுது. ரெண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து, முள்ளு ஒண்ணு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாங்க.

நான் ஓடிப் போய் நியாயம் கேட்டேன்.

"எந்தங்கச்சி சட்டத்தை நான் மீறுவனா? கை மாறுச்சா இல்லியா? ஒவ்வொரு கைக்கும் ஒரு முடிச்சு அவுந்துச்சா இல்லியா? நாங்க முறைப்படித்தான் சாப்பிட்டோம்" அப்படிங்கிறார். அதோடு விட்டாரா? "உப்புதான் ஒரு கல்லு கொறவு" அப்படின்னார்.

அந்த உப்புதான் அக்கா எனக்கு ஆறலை.

அன்னைக்கும் என் வீட்டுக்காரர் பசிக்கலைன்னுட்டார். பாவம்.

மதினி சாயங்காலமே போன் பண்ணினாங்க. ஹலோ கிடையாது, நல்லா இருக்கியா கிடையாது. "ரெண்டு" அப்படின்னாங்க. வச்சுட்டாங்க.

இன்னைக்குக் காலையிலும் பண்ணினாங்க. "வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காவ. கறி எடுத்திருக்கேன். தம்பிக்கும் சேத்து இலை போட்டுத்தான் வச்சிருக்கேன். ஒனக்கு முடியலைன்னா சங்கடப்படாத" அப்படின்னாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? முடிச்சும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்னு கேரியரைத் தூக்கிட்டு ஏறிட்டேன். விலக்கில் பஸ் பத்து நிமிஷம் நிக்கும், அப்புறம் நேரே டவுன்தான். பன்னிரண்டே காலுக்கெல்லாம் போயிடலாம்.

இந்தா, விலக்கே வந்துட்டுது. அதுதான் டீக்கடை. கைலி கட்டிக்கிட்டு நிக்கிறார் பாருங்க, அவர்தான் உச்சிமாகாளி அண்ணன். கண்ணு எங்கே இருக்கு பார்த்தீங்களா? கேரியர் மேலேதான். அண்ணே, வணக்கம்ணே! ஒண்ணும் இல்லை, ரசம்தான்! வெறும் ரசம்!

ஒரு நிமிஷம் அக்கா, போன் அடிக்குது.

டீச்சர், சொல்லுங்க டீச்சர். என்னது? பொட்டுக்கடலையா? யார் மூக்கில்? எங்க தர்ஷிகாவா? எந்த மூக்கு? இல்லை டீச்சர், எந்தப் பக்கம்னு கேட்டேன். மூச்சு விடுறாளா? அழறாளா? சிரிக்கிறாளா! அந்தக் கழுதை சிரிக்கத்தான் செய்வா. நர்ஸம்மா வந்துட்டாங்களா? என்னது, கிட்ட விட மாட்டேங்குறாளா? அம்மா வந்து பிடிச்சாத்தான் ஆகுமா? அவளை ஏதும் நோண்ட விடாதீங்க. உறிஞ்ச விடாதீங்க. வாரேன், இந்தா வந்துட்டேன்.

அக்கா, கேட்டீங்கல்ல? நான் போகணும். ஒண்ணும் ஆகாதுன்னு நர்ஸம்மா சொல்றாங்க, இருந்தாலும் பிள்ளை மூக்கு. போன மாசம் பட்டன். இந்த மாசம் கடலை.

இந்தக் கேரியரை என்ன பண்றது? உச்சிமாகாளி அண்ணன்கிட்டயா? உயிரே போனாலும் மாட்டேன். பூக்காரம்மா கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிட்டாங்க. இந்தக் கண்டக்டர் புதுசு. திரும்பக் கொண்டு போனா மூணாவது தவறு.

அக்கா, நீங்க டவுனில் எங்கே இறங்குறீங்க? பஸ் ஸ்டாண்டில் தம்பி வந்து கூட்டிட்டுப் போவாரா? எந்தத் தெருவுக்கு? கிணத்துத் தெருவா! அங்கே இருந்து அவர் ஆபீஸ் ரெண்டே தெரு அக்கா! கிணத்துத் தெருவில்தான் எங்க மதினி வீடும். பச்சைக் கேட், வாசலில் முருங்கை மரம். என்ன? உங்க தம்பி வீட்டிலும் பச்சைக் கேட்டா? முருங்கை மரமுமா?

எங்க மதினி பேரா? தங்கபுஷ்பம்.

ஏன் அக்கா இப்படிச் சிரிக்கிறீங்க? உங்க தம்பி பொண்டாட்டியா! அப்போ விருந்தாளின்னது உங்களையா! எங்க கல்யாணத்துக்கு நீங்க வரவே இல்லையே. மக பிரசவமா, சரி. அப்போ இவ்வளவு நேரம் தெரிஞ்சேவா கேட்டுக்கிட்டு வந்தீங்க? எப்போ தெரிஞ்சுது? கேபிள் ஆபீஸ் பொன்ராஜ்னு சொன்னப்பவேவா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் மதினியைப் பத்தி ஒண்ணும் தப்பாச் சொல்லலையே அக்கா? குழம்பைப் பத்தி அவங்க சொன்னதை மட்டும்தானே சொன்னேன்?

இருங்க, டிரைவர் டீ குடிச்சு முடிக்கலை. யோசிக்கிறேன்.

உங்களுக்கு ஆபீஸ் வழி தெரியாது. உங்க தம்பி உங்களை நேரே வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போவார். அங்கே இருந்து மதினி ஆபீசுக்குக் கொண்டு போய்க் கொடுக்கணும். நீங்க ஒரு கை, மதினி ஒரு கை. ரெண்டே கை! இந்த மாசத்தில் இதைவிடக் குறைஞ்ச வழி எனக்கு வந்ததே இல்லை. ஆனா மதினி கையா? என் சோறு மதினி கை வழியாவா? அதுக்கு அதை உச்சிமாகாளி அண்ணனே சாப்பிட்டுக்கலாம்.

இல்லை. நோட்டுப்படி பார்த்தா அப்படிச் சொல்லக் கூடாது. அடுத்த பெட்டி நமக்குப் பிடிச்ச பெட்டியா, அது நம்மளைக் குறை சொல்லுச்சான்னெல்லாம் ரவுட்டர் பார்க்காது. ரவுட்டருக்கு ரோஷம் கிடையாது அக்கா. எது குறைச்சலோ அங்கேதான் கொடுக்கும்.

ஆனா மதினி கொண்டு போகணுமே. இலை போட்டு வச்சிட்டு என் கேரியரைத் தூக்கிட்டு நடப்பாங்களா?

ஏன் நடக்க மாட்டாங்க? அக்கா! நீங்க அவங்களுக்கு யாரு? வீட்டுக்காரரோட அக்கா! எனக்கு அவங்க எப்படியோ, அவங்களுக்கு நீங்க அப்படி! எங்க மதினிக்கே ஒரு மதினியா! இது எனக்கு ஏன் இவ்வளவு நேரம் தோணலை? "கொண்டு போய்க் கொடு தங்கபுஷ்பம்" அப்படின்னு நீங்க ஒரு சொல் சொன்னா, தட்ட முடியுமா அவங்களால்? சொல்லும்போது இப்படிச் சிரிச்சுக்கிட்டுச் சொல்லாதீங்க. அவங்க என்கிட்ட சொல்ற மாதிரி, மூஞ்சியை வேற பக்கம் திருப்பிக்கிட்டுச் சொல்லுங்க.

அந்தக் கயித்தைக் கொடுங்க, முடிச்சு போடுறேன். உங்களுக்கு ஒண்ணு, மதினிக்கு ஒண்ணு. ரெண்டு. ஐயோ, வேண்டாம்! கடைசி முடிச்சு மதினி கையில் அவுந்தா, அவங்க சாப்பிட்டுக்கலாம்னு ஆயிடுமே! இன்னொண்ணு போடுறேன். மூணாவது அவர் அவுக்கட்டும். இந்தா, இறுக்கிப் போட்டுட்டேன்.

மதினியைத் திறந்து பார்க்க விடாதீங்க. பொட்டலத்துக்குள்ள என்ன இருக்குன்னு ரவுட்டர் பார்க்கக் கூடாது. விலாசத்தை மட்டும்தான் பார்க்கணும். ருசி பார்த்துட்டு உப்பு இல்லைன்னு சொன்னா, டாக்டர் குறைக்கச் சொன்னார்னு சொல்லிடுங்க. அப்போ திறந்துட்டாங்கன்னும் எனக்குச் சொல்லிடுங்க.

என்னக்கா, என்ன சொல்ல வர்றீங்க? போன புதன்கிழமையா? பொன்ராஜ் உங்ககூட உட்கார்ந்தாரா? எங்கே உட்கார்ந்தார்? எதுன்னாலும் அப்புறம் சொல்லுங்க அக்கா, பிள்ளை மூக்கில் கடலை இருக்கு.

உச்சிமாகாளி அண்ணே! வண்டியை எடுங்க, ஒத்தப்பனைக்குப் போகணும். டீக்கடையை அண்ணி பார்த்துக்குவாங்க. பெட்ரோலா? நெத்திலிக் கருவாடு தின்னீங்கல்ல, அதில் கழிச்சுக்குங்க.

நான் இறங்குறேன் அக்கா. ஜன்னல் பக்கம் வாங்க, ஒண்ணே ஒண்ணு. மறந்தே போயிட்டேன். பொட்டலம் போய்ச் சேர்ந்ததும், சேர்ந்துச்சுன்னு அந்தப் பக்கம் இருந்து ஒரு பதில் வரணும். வந்தாத்தான் கணக்கு. அதை அவர் சொல்ல வேண்டாம். நீங்களும் சொல்ல வேண்டாம். மதினியையே எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. "வந்துச்சு" அப்படின்னு ஒரே ஒரு வார்த்தை. அவங்க வாயால். ஹலோ கூட வேண்டாம்.

மேல் அடுக்கில் மிட்டாய் வைக்க அவருக்கு ஞாபகப்படுத்துங்க. ரெண்டா வைக்கச் சொல்லுங்க, கடலையை எடுக்கும்போது பிள்ளை ரொம்ப அழும். கடலை மிட்டாய் வேண்டாம், பெருசா ஏதாவது. மூக்குக்குள்ள போகாததா.

போங்க, பஸ் கிளம்பிட்டுது. ஒரு மணி அக்கா, ஒரு மணி! அக்கா, ரசம்! நிமித்திப் பிடிங்க, ரசம்!